ஒரே டிரம் செட், நான்கு இசைக்குழுக்கள்

டிரம்ஸ் கேள்வி–பதில்

கேள்வி: நாங்கள் நான்கு இசைக்குழுக்கள் சேர்ந்து ஓர் ஒத்திகை அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். 12 அடிக்கு 14 அடி, கூரை 9 அடி உயரம். ஒரு குழு ராக், ஒன்று மெட்டல், ஒன்று ஜாஸ். நாங்கள் மெல்லிசை. பொதுப் பணத்தில் ஒரே ஒரு டிரம் செட் வாங்கி அறையிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. எந்த அளவு என்பதில்தான் இழுபறி. மெட்டல் குழுவின் டிரம்மர் 24 அங்குல பாஸ் டிரம்மும் (காலால் மிதித்து அடிப்பது) நான்கு டாம்களும் (குச்சியால் அடிப்பவை) வேண்டும் என்கிறார். ஜாஸ் குழுவினர் 18 அங்குலத்துக்கு மேல் கூடவே கூடாது என்கிறார்கள். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: 20, 12, 14. பாஸ் டிரம்மின் விட்டம் 20 அங்குலம், அதன் மேல் ஒரே ஒரு 12 அங்குல டாம், பக்கத்தில் தரையில் நிற்கும் 14 அங்குல ஃப்ளோர் டாம், அடியில் சுருள் கம்பிகள் உள்ள 14 அங்குல ஸ்னேர். கையில் பணம் மிஞ்சினால் கூடுதலாக ஒரு 16 அங்குல ஃப்ளோர் டாம். இதுதான் என் தீர்ப்பு. பஞ்சாயத்தில் பாதிப் பாதி பங்கு வைப்பதற்காக 24-க்கும் 18-க்கும் நடுவில் ஓர் எண்ணை எடுத்துச் சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகள் இப்படி ஓர் அறையைப் பொறுப்பெடுத்து நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கி வைத்தது ஐந்து டிரம் கொண்ட செட். 22 அங்குல பாஸ் டிரம், அதன்மேல் 12, 13 அங்குல டாம்கள் இரண்டு, 16 அங்குல ஃப்ளோர் டாம், ஸ்னேர். கடையில் பார்க்க அழகாக இருந்தது, கேட்கவும் நன்றாக இருந்தது. எங்கள் அறையில் அதில் முதலில் உட்கார்ந்தவளே நான்தான். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாஸ் டிரம்மின் உச்சி தரையிலிருந்து 22 அங்குலம். அதன்மேல் ஓர் அங்குல இடைவெளி. அதற்கு மேல் 10 அங்குல ஆழமுள்ள 13 அங்குல டாம். ஆக, டாமின் முகம் 33 அங்குல உயரத்தில் இருக்கிறது. என் முழங்கால் உயரத்துக்குப் பொருந்தும்படி வைத்த ஸ்னேரின் முகமோ 25 அங்குலத்தில் இருக்கிறது. ஸ்னேரிலிருந்து டாமுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கை எட்டு அங்குலம் ஏற வேண்டும். எட்டுவதற்காக டாமை என் பக்கம் செங்குத்தாகச் சாய்த்தேன். சாய்த்தால் குச்சியின் நுனி ஹெட்டில், அதாவது டிரம்மின் அடி விழும் படலத்தில், தட்டையாக விழாது, குத்தும். இரண்டே மாதத்தில் அந்த 13 அங்குல டாமின் ஹெட் முழுவதும் நகக்கண் அளவுக் குழிகள். நான் மட்டும் காரணமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அதே நிலையில்தான் வாசித்தார்கள்.

இப்போது 20 அங்குல பாஸ் டிரம்மையும், 8 அங்குல ஆழமுள்ள 12 அங்குல டாமையும் வைத்து அதே கணக்கைப் போடுங்கள். 29 அங்குலம் வரும். ஒரே ஒரு டாம் என்பதால் அதைப் பாஸ் டிரம்மின் நடு உச்சியில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. சற்று இடப்பக்கம் தள்ளினால் உருளையின் வளைவு இறங்கும் இடத்தில் டாமும் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கும். உயரமானவர் வந்தால் ஏற்றிக்கொள்ளலாம். உயரமாக்குவது எப்போதும் சுலபம். பாஸ் டிரம் கீழே தடுத்தால் தாழ்த்துவதற்கு வழியே கிடையாது. பலர் மாறி மாறி உட்காரும் செட்டுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒலி அடுத்துதான். கை எட்டாத டிரம்மில் நல்ல ஒலி வராது.

ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய டிரம் வைத்தால்தான் கனமான ஒலி வரும் என்று உங்கள் மெட்டல் நண்பர் நம்புகிறார். லெட் செப்பெலின் குழுவின் ஜான் பொன்ஹாம் வைத்திருந்த பாஸ் டிரம் 26 அங்குலம். அவர் வாசித்தது மாபெரும் அரங்குகளில். பன்னிரண்டு அடி அறையில் 24 அங்குலத்தை மிதித்தால் வரும் தாழ்ந்த அதிர்வுக்கு விரிய இடமில்லை. சுவரில் பட்டுத் திரும்பி, பாஸ் கிட்டாரோடு கலந்து, எது எதுவென்று தெரியாத ஒரே உறுமலாகிவிடும். அறையில் இருக்கும் எல்லாரும் தத்தம் ஒலியைக் கூட்டுவார்கள். பிறகு டிரம்மரும் ஓங்கி அடிப்பார். 20 அங்குலத்தில் அடி விழுந்த கணம் தெளிவாகக் காதில் விழும். சிறிய அறையில் மெட்டலுக்கு வேண்டியதும் அந்தத் தெளிவுதான்.

20 அங்குலம் ராக் இசைக்குப் போதாது என்பவர்களுக்கு ரிங்கோ ஸ்டாரை நினைவூட்டுகிறேன். 1963-இல் அவர் வாங்கிய முதல் லட்விக் செட்டின் அளவு 20, 12, 14. அதே மூன்று எண்கள். அவர் வாசித்த பீட்டில்ஸ் குழுவின் ஆரம்ப காலப் பாடல்கள் பலவற்றில் நீங்கள் கேட்பது அந்தச் செட்டைத்தான்.

ஜாஸ் நண்பர்களின் 18 அங்குலத்துக்குப் பின்னாலும் பெரிய மரபு இருக்கிறது. மைல்ஸ் டேவிஸின் குழுவில் 1960-களில் டோனி வில்லியம்ஸ் வாசித்தது 18 அங்குலத்தில்தான். ஆனால் அது தனி ஒருவருடைய கருவியாக இருக்கும்போதே நன்றாக இருக்கும். பெரும்பாலான பெடல்கள் 20, 22 அங்குல டிரம்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 18 அங்குலத்தில் பெடலின் அடிக்கும் முனையான பீட்டர் ஹெட்டின் நடுவில் படாமல் மேலே தள்ளிப் படும். அதைச் சரிசெய்ய டிரம்மை உயர்த்தும் தாங்கி ஒன்று தேவைப்படும். ஜாஸுக்காக உயர்த்திச் சுருதி சேர்த்த 18 அங்குலம் மெட்டல் டிரம்மர் காலில் ஒரு டாம் போலத்தான் ஒலிக்கும். 20 அங்குலத்தை ஜாஸுக்கு ஏற்றிச் சுருதி சேர்க்க முடியும், ராக்குக்கு இறக்கவும் முடியும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு நான் செய்த ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன், எங்கள் அறையில் இன்றும் அப்படியே இருக்கிறது. பாஸ் டிரம்மின் முன்பக்க ஹெட்டில், நடுவை விட்டு ஓரமாக 5 அங்குலத் துளை. உள்ளே மடித்த கைத்துண்டு ஒன்று, அடிக்கும் ஹெட்டின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். துண்டின் ஒரு மூலையில் சிவப்பு நாடா கட்டி, அதன் நுனியைத் துளை வழியே வெளியே விட்டிருக்கிறேன். ராக் குழு வந்தால் துண்டு உள்ளே இருக்கும், ஒலி குறுகி ‘தப்’ என்று நிற்கும். ஜாஸ் குழு வந்தால் நாடாவைப் பிடித்து இழுத்துத் துண்டை வெளியே எடுத்துவிடுவார்கள், டிரம் மூச்சுவிடத் தொடங்கும். ஹெட்டின் திருகுகளைத் திருப்பும் டிரம் கீயை யாரும் தொடுவதில்லை. தலையணையை உள்ளே திணிக்காதீர்கள். அது உருளையின் பாதியை அடைத்துவிடும், எடுக்கவும் முடியாது.

உருளையின் ஆழத்தையும் கவனியுங்கள். பாஸ் டிரம் 14 அல்லது 16 அங்குல ஆழம் போதும். 20 அங்குல ஆழமுள்ளவை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உங்கள் அறையில் அந்த நான்கு அங்குலம் கிட்டாரிஸ்டின் கால் வைக்கும் இடம்.

மெட்டல் டிரம்மர் இரண்டு காலிலும் வாசிக்க வேண்டுமே என்றால், இரட்டைப் பெடலை அவர் கொண்டுவரட்டும். காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டுகளான ஹை-ஹாட்டுக்கு ஸ்டாண்டு வாங்கும்போது மட்டும் கால்கள் சுழலக்கூடியதாக அல்லது இரண்டே கால் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று கால் ஸ்டாண்டு அசையாமல் நின்றால் இரட்டைப் பெடலின் இடப்பக்கப் பகுதியோடு மோதும். ஒவ்வொரு முறையும் அதை எங்கே தள்ளுவது என்று அவர் தவிப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

மிஞ்சும் பணத்துக்கு 16 அங்குல ஃப்ளோர் டாம் என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. 12-உம் 14-உம் வைத்தால் ஜாஸ். 14-ஐ எடுத்துவிட்டு 12-உம் 16-உம் வைத்தால் ராக். இரண்டையும் வைத்தால் மெட்டல் நண்பருக்கு மூன்று டாம். மூன்று கால்களில் நிற்கும் டிரம் என்பதால் தூக்கி மூலையில் வைப்பதற்கு அரை நிமிடம் போதும். கூடுதலாக ஒரு 10 அங்குல டாம் வாங்கினால் அதற்கு ஒரு பிடிப்பான், அதை மாட்ட ஒரு ஸ்டாண்டு, அதை ஒவ்வொருவரும் அங்கும் இங்கும் திருப்பித் திருகுவது என்று வேலை வளரும்.

கடைசியாக, பணத்தை எங்கே போடுவது என்பது. மர உருளைகளுக்கு நடுத்தர விலையே போதும். நல்ல ஹெட் போட்டுச் சரியாகச் சுருதி சேர்த்தால், இந்த அளவு அறையில் மரத்தின் உயர்வு தாழ்வு எடுபடாது. இரும்புச் சாமான்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கால்கள் இரட்டைப் பட்டையாக உள்ள ஸ்டாண்டுகள், திருகு மரை தேயாத ஸ்டூல், உறுதியான ஹை-ஹாட். வாரம் நான்கு குழுக்கள் ஏற்றி இறக்கும்போது முதலில் தேய்வது இவைதான். ஸ்டூல் வாசிக்கும் நடுவே மெல்ல மெல்ல இறங்குவது எவ்வளவு இம்சை என்பது உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். டாம்களுக்கு இரண்டு படலம் கொண்ட ஹெட்டுகள், ஸ்னேருக்கு வெள்ளைப் பூச்சுள்ள ஒற்றைப் படல ஹெட். இரட்டைப் படலம் நீண்ட நாள் தாங்கும், பல கைகளின் வேகத்தையும் பொறுத்துக்கொள்ளும். ஸ்னேருக்கு ஒற்றைப் படலம் எதற்கு என்றால், அதுதான் மெல்லத் தொட்டாலும் பதில் சொல்லும். பூச்சு இல்லாவிட்டால் பிரஷ் வைத்து வாசிப்பவருக்கு உரசல் ஒலியே கிடைக்காது.


கேள்வி: நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் ஒத்திகை அறையில் நான் சில சுரங்களை வாசிக்கும்போதெல்லாம் யாரும் தொடாமலே ஸ்னேர் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று இரைகிறது. ஸ்னேர் பழுதா?

பதில்: பழுதில்லை. ஸ்னேரின் அடிப்பக்க ஹெட் மிக மெல்லியது. அதன்மேல் சுருள் கம்பிகள் தொட்டும் தொடாமலும் கிடக்கின்றன. உங்கள் சுரத்தின் அதிர்வு அந்த ஹெட்டுக்கு இணக்கமாக இருந்தால் அது தானாக அதிர்ந்து கம்பிகளை உதறும். சில சுரங்களுக்கு மட்டும் வருகிறது என்று நீங்களே கவனித்திருப்பதுதான் அதற்குச் சாட்சி.

முதலில் உங்கள் ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்னேருக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், வெறும் தரையில் இருக்கும் என்றே நினைக்கிறேன். எங்கள் அறையிலும் அப்படித்தான் இருந்தது. ஆம்பை ஃப்ளோர் டாம் பக்கமாக நகர்த்தி, உறுதியான ஒரு பெட்டியின் மேல் ஏற்றி, பாஸ் வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்பினோம். இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. பாஸ் வாசிப்பவருக்குத் தன் ஒலி முன்பைவிடத் தெளிவாகக் கேட்டதால் அவரே ஒலியைக் குறைத்தார்.

பிறகும் மிச்சம் இருந்தால் டிரம்மரிடம் சொல்லி, அடிப்பக்க ஹெட்டில் கம்பிகளின் இரு முனைகளுக்கும் அருகிலுள்ள நான்கு திருகுகளைச் சற்றே தளர்த்தச் சொல்லுங்கள். கால் திருப்பு போதும். 12 அங்குல டாமை அடித்தால் ஸ்னேர் இரைகிறது என்றால், டாமின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ சொல்லுங்கள். முழுவதும் ஒழியாது. ஒழிய வேண்டியதும் இல்லை. எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது அந்த இரைச்சல் காதில் விழாத அளவுக்கு வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். டிரம்மர் வாசிக்காத இடைவேளைகளில் ஸ்னேரின் பக்கவாட்டு நெம்புகோலைத் தட்டிக் கம்பிகளை இறக்கிவிடும் பழக்கம் மட்டும் அறையில் எல்லாருக்கும் வர வேண்டும்.

இன்னொன்று. டிரம் செட்டை அறையின் மூலைக்குள் தள்ளி வைத்திருந்தால் அதை வெளியே இழுங்கள். தாழ்ந்த ஒலிகள் மூலையில்தான் திரளும். இடம் மிச்சமாகும் என்று மூலையில் வைப்பார்கள். பாஸ் டிரம்மும் உங்கள் கிட்டாரும் அங்கே சேர்ந்து குழம்பும்.


கேள்வி: எங்கள் பொது அறையில் ஆறு மாதத்தில் இரண்டு கிராஷ் சிம்பல்கள் (ஓங்கி அடிக்கும் வெண்கலத் தட்டுகள்) உடைந்துவிட்டன. யார் உடைத்தது என்று ஒரே சண்டை. இனி ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டியதுதானா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். பல டிரம்மர்கள் ஒரே மேடையில் வாசிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. பாஸ் டிரம், டாம்கள், ஸ்டாண்டுகள் பொது. ஸ்னேர், சிம்பல்கள், பாஸ் டிரம் பெடல், குச்சி அவரவருடையது. எளிதில் உடைவதும், ஒருவர் கை கால் பழக்கத்தோடு ஒட்டியதும் அவரவர் பொறுப்பு. ஒத்திகை அறைக்கும் இதே பங்கீடு சரியாக வரும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்காகப் பழைய சிம்பல் செட் ஒன்றை மட்டும் அறையில் வைத்திருங்கள்.

சண்டைக்கு வருகிறேன். உடைந்த சிம்பலைக் கையில் எடுத்து நடுத் துளையைப் பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் சாவித் துவாரம் போல் நீண்டிருக்கிறதா? இருந்தால் உடைத்தவர் யாருமில்லை. சிம்பல் ஸ்டாண்டின் உச்சியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் உண்டு. விரல் நுனி அளவுதான். அதுதான் சிம்பலின் வெண்கலத்தையும் ஸ்டாண்டின் இரும்பு மரையையும் பிரித்து வைப்பது. அது கழன்று எங்கோ விழுந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வோர் அடியிலும் இரும்பு மரை அரம்போல் வெண்கலத்தை ராவும். துளை நீளும், அங்கிருந்து கீறல் புறப்படும்.

என் 16 அங்குல கிராஷ் ஒன்று இப்படித்தான் போனது. பத்தொன்பது வயதில் சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியது. பல ஆண்டு கழித்து அறையின் பொதுப் பயன்பாட்டுக்கென்று மாட்டிவைத்தேன். ஒரு நாள் துடைக்கக் கழற்றியபோது துளையின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது. அன்று அறையில் நான்கு ஸ்டாண்டுகளையும் பார்த்தேன். மூன்றில் குழாய் இல்லை.

அன்றிலிருந்து கதவருகே மூடியுள்ள ஒரு டப்பா இருக்கிறது. அதில் பத்துக் குழாய்கள், பத்து ஃபெல்ட் வளையங்கள், சில இறக்கை நட்டுகள், ஹை-ஹாட்டின் மேல் தட்டைப் பிடிக்கும் கிளட்ச் ஒன்று. எல்லாம் சேர்த்துப் பெரிய செலவில்லை. மேலே நட்டை இறுக்கி முறுக்காதீர்கள். அடித்தால் சிம்பல் ஊஞ்சல்போல் ஆட வேண்டும். ஆட முடியாமல் பிடித்துவைத்த சிம்பல் ஓரத்தில் விரிசல் விடும்.


கேள்வி: நான் இடதுகைப் பழக்கம் உள்ளவன். எங்கள் அறையில் எல்லாரும் வலதுகைக்காரர்கள். எனக்காகச் செட்டை மாற்றச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வலதுகைச் செட்டிலேயே பழகிக்கொள்ளட்டுமா?

பதில்: கூச்சப்படாதீர்கள். நீங்களும் வாடகை கொடுக்கிறீர்கள். மாற்றி வாசித்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரிங்கோ இடதுகைப் பழக்கம் உள்ளவர், வாசித்தது வலதுகைச் செட்டில். ஜெனிசிஸ் குழுவின் ஃபில் காலின்ஸ் இடதுகைக்காரர், செட்டையே முழுதாக இடம் மாற்றி வைத்து வாசித்தார். நீங்கள் ஏற்கெனவே எந்த வழியில் கை பழகியிருக்கிறீர்களோ அதுவே உங்களுக்குச் சரி. இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், வலதுகைச் செட்டில் கைகளைக் குறுக்கே போடாமல் இடக்கையாலேயே ஹை-ஹாட்டை வாசித்துப் பாருங்கள். டிரம்மர் பில்லி கோப்ஹாம் இந்த முறையில் வாசித்தே உலகப் புகழ் பெற்றார். பொது அறைக்கு இதைவிடத் தோதான முறை இல்லை.

இடம் மாற்றித்தான் வாசிப்பேன் என்றால், நான்கு டிரம் செட்டில் நகர்த்த வேண்டியவை ஹை-ஹாட், ஃப்ளோர் டாம், ரைடு சிம்பல், டாமின் கோணம் ஆகிய நான்கே. கம்பளத்தின் மேல் வலதுகை நிலைகளை வெள்ளை டேப்பிலும் உங்கள் நிலைகளை மஞ்சள் டேப்பிலும் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டாண்டின் கால் நுனிக்கும் ஒரு குறி. ஐந்து நிமிடத்தில் மாற்றலாம், ஐந்து நிமிடத்தில் பழையபடி வைக்கலாம். அன்றைய முதல் நேரத்தையோ கடைசி நேரத்தையோ கேட்டு வாங்கிக்கொண்டால் ஒருமுறை மாற்றுவதும் மிச்சம்.


கேள்வி: அறை சிறியது, சத்தம் அதிகம். மின்னணு டிரம் செட்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: ஒருவர் தனியாகப் பயிற்சி செய்யும் அறை என்றால் மாறுங்கள். குழுவாகச் சேர்ந்து வாசிக்கும் அறை என்றால் என் பதில், வேண்டாம். மற்றவர்கள் கேட்க அதற்கும் ஸ்பீக்கர் வைக்க வேண்டும், ஸ்பீக்கர் வைத்த பிறகு சத்தம் பழைய இடத்துக்கே வந்து சேரும். கீழ்த்தள வீட்டாருக்காக மாறுவதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பெடலின் மிதி தரை வழியே இறங்கும், அதை ஹெட்ஃபோன் தடுக்காது.

சத்தம் குறைய வேண்டுமென்றால் முதலில் சிம்பல்களை மெல்லியதாக மாற்றுங்கள். சிறிய அறையில் காதை அறைவது பெரும்பாலும் டிரம் இல்லை, தடித்த சிம்பல்தான். குச்சியும் ஒரு சுற்று மெலியட்டும். காதடைப்பான் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம்தான் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் 15 நிமிடம்தான். ஓங்கி அடிக்கும் டிரம்மருக்குப் பக்கத்தில் நிற்பவர் அந்த அளவை முதல் பாட்டிலேயே தொட்டுவிடுவார். எனக்கு இடது காதில், ஹை-ஹாட் இருக்கும் பக்கத்தில், இரவில் ஒரு மெல்லிய விசில் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.


கேள்வி: எங்கள் அறையில் டிரம் கீ மாதம் ஒன்று தொலைகிறது. என்ன செய்வது?

பதில்: ஒரு முழ நீள நைலான் கயிற்றில் கட்டி, ஹை-ஹாட் ஸ்டாண்டின் நடுத்தண்டில் முடிச்சுப் போட்டுவிடுங்கள். அநேகமாக எல்லா நிறுவனங்களின் திருகுகளுக்கும் ஒரே கீ பொருந்தும் என்பதால்தான் அது யார் பையிலும் சுலபமாகப் போய்விடுகிறது. இரண்டாவது கீயை, சிம்பல் பதிலில் சொன்னதுபோல் கதவருகே ஒரு டப்பா வைத்து, அதன் மூடிக்குள் ஒட்டிவையுங்கள்.